உண்மை நகலில் ஒரு கை

அரசு ஊழியர்கள் பெருத்துவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு யாரோ புள்ளிவிவரம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவரின் எடை எவ்வளவு என்பது அதில் இல்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு குழு ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தது. எழுந்தபோது குழுவினரும் பெருத்திருந்தார்கள். அவர்களுடைய பரிந்துரை ஒரு நாள் சுற்றறிக்கையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

“ஊழியர்தம் உடல்நலம் பேணும் பொருட்டும், அன்னாரின் உள்ளத்தே உறங்கும் பண்பாட்டு உணர்வினை வெளிக்கொணரும் பொருட்டும், அனைத்து அலுவலகங்களிலும் நாள்தோறும் முற்பகல் பதினொரு மணி முதல் பதினொன்று இருபது வரை ஹிப் ஹாப் நடனம் ஆடப்பட வேண்டும். ஆட்டம் தன்னிச்சையாகவும் மகிழ்ச்சி பொங்கவும் அமைதல் வேண்டும். தன்னிச்சையாக ஆடத் தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். இணைப்பு: படங்கள் பதினான்கு.”

ஏன் ஹிப் ஹாப் என்று யாரும் கேட்கவில்லை. மேலிடத்துப் பெரியவர் ஒருவரின் மகன் ஆடுகிறான் என்றார்கள். அவன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் ஆடியதை அவர் பார்த்தாராம். திட்ட வாயைத் திறந்தவர், பையனுக்குத் தொப்பை இல்லாததைக் கவனித்து வாயை மூடிக்கொண்டாராம். இப்படித்தான் நாட்டில் கொள்கைகள் பிறக்கின்றன.

எங்களுடையது அனுமதிகள் அலுவலகம். ஊரில் யார் எதைச் செய்ய நினைத்தாலும் முதலில் எங்களிடம் வந்து, செய்யலாமா என்று கேட்க வேண்டும். நான் மூன்றாவது ஜன்னலில் உட்காருகிறேன். அதனால் என் பெயரே ‘மூணாம் ஜன்னல்’ ஆகிவிட்டது. என் வேலை முத்திரை குத்துவது. ‘உண்மை நகல். மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று அந்த முத்திரை சொல்லும். இருபத்திரண்டு வருடமாக நாளொன்றுக்கு இருநூறு முறை குத்துகிறேன். இருநூறு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குத்துவதற்கு நேரம் எங்கே இருக்கும்? அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சுற்றறிக்கையின் இணைப்பு ஒரே தாள். அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பதினான்கு உருவங்கள், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்ற கணக்கு. மூலத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு நகலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. தலைமை எழுத்தர் நகல் எடுக்கக் கொடுத்தார். எல்லாக் கடிதத்திலும் பின்குறிப்பு சேர்ப்பதால் அவரை நாங்கள் ‘பின்குறிப்பு’ என்போம். எங்கள் நகல் இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளின் இடது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அது தின்றுவிடும். கடிதமென்றால் போவது வெறும் ஓரம்தான். அதனால் பதினைந்து வருடமாக யாரும் அதைப் பழுது என்று சொன்னதில்லை.

நகல்கள் என் மேசைக்கு வந்தன. முப்பது தாள், முப்பது குத்து. மூலம் இரும்பு அலமாரிக்குள் போனது. அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பின்குறிப்பிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

மறுநாள் தட்டச்சு அம்மா நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“சார், இந்தப் படத்துல ஆளுக்கு ஒரு கைதான் இருக்கு.”

பின்குறிப்பு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “எந்தப் படத்துல?”

“பதினாலுலயும்.”

“பதினாலுலயும் ஒரே மாதிரி இருந்தா அது தப்பு இல்லம்மா. நடைமுறை.”

“அலமாரியத் திறந்து மூலத்தைப் பாத்துடலாமே சார்?”

“எதுக்கு?”

“நகல் சரியா இருக்கான்னு...”

“சரியா இருக்குன்னுதான் அதுலயே முத்திரை இருக்கே!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஆகவே கை ஒன்றுதான் என்பது முடிவாயிற்று. அது எந்தக் கை என்பதில்தான் சிக்கல். உருவங்களின் முகம் மை அப்பிக் கறுத்துக் கிடந்தது. அவர் நம்மைப் பார்த்து நிற்கிறார் என்றால் இல்லாதது வலது கை. முதுகைக் காட்டி நிற்கிறார் என்றால் இல்லாதது இடது கை. ஆணையர் தலைமையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. மூன்றாம் நாள் பின்குறிப்பு எழுந்து ஒரு வாதத்தை வைத்தார்.

“இது அரசாங்கப் படம். அரசாங்கம் என்னைக்காவது ஜனங்களுக்கு முகம் காட்டி நின்னிருக்கா சார்?”

ஆணையர் தலையசைத்தார். உருவம் முதுகு காட்டி நிற்கிறது, எனவே இடது கை கிடையாது என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த உத்தரவு வரும்வரை இடது கை தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். சொன்னபடி கேட்காத கைக்கு ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டோம். கோப்பு கையில் இருந்தால் எந்த அரசுக் கையும் அசையாது.

அப்படி ஆரம்பித்தது எங்கள் ஹிப் ஹாப். பாட்டின் சொற்களுக்கு ஒப்புதல் வாங்க முடியாததால் சொற்களை நீக்கிவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். தாளத்துக்கு நடுவே அந்தப் பாட்டுக்காரர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆணையர் நடுவில் நின்று வலது கையால் காற்றை வெட்டுவார். பதவி வரிசைப்படி நாங்களும் வெட்டுவோம். அவர் தடுமாறினால் நாங்களும் தடுமாறுவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கையில் அதிகாரம் இருந்ததால் கூடம் கோணல் என்று சான்றிதழே கொடுத்திருப்போம்.

பதினொரு மணிக்கு எல்லா ஜன்னலிலும் பலகை தொங்கும்: ‘பண்பாட்டு வெளிப்பாடு நடைபெறுகிறது. காத்திருக்கவும்.’ ஆட்டம் இருபது நிமிடம். அப்புறம் மூச்சு வாங்க இருபது நிமிடம். மகிழ்ச்சிப் பதிவேட்டில் கையெழுத்திடக் கால் மணி. டீ. ஜன்னல் திறக்கும்போது பன்னிரண்டே கால். சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை.

அந்தக் கால் மணியில் என் ஜன்னலுக்கு முதலாவதாக வந்து நிற்பவர் ஒரு பெண். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பேருந்தை நிறுத்திவிட்டு வந்து பழைய நூல் கிடங்கில் முப்பத்திரண்டு பேருக்கு ஹிப் ஹாப் சொல்லிக்கொடுக்கிறார். பதினோரு வருடமாக நடக்கிறது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஊரிலேயே அந்த ஆட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எங்களுக்குச் சொல்லித்தர அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற ஆசிரியரைத்தான் கூப்பிட முடியும். அவர் ஜன்னலில் நிற்பதே அந்த அங்கீகாரத்தைக் கேட்டுத்தான். மாத முடிவுக்குள் அது இல்லையென்றால் கிடங்கைப் பூட்டிவிடுவார்கள்.

“அண்ணே, இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. நம்ம பைல் எங்க இருக்கு?”

“உடற்பயிற்சிப் பிரிவுல இருக்கும்மா.”

“போன வாரம் பண்பாட்டுப் பிரிவுல இருக்குன்னீங்களே?”

“அங்கதான் இருந்தது. வேர்வை வருதுன்னு தெரிஞ்சதும் இது உடற்பயிற்சின்னு அனுப்பிட்டாங்க. பாட்டு இருக்குன்னு தெரிஞ்சா இவங்க திருப்பி அனுப்பிடுவாங்க.”

“ரெண்டும்தாண்ணே அது. உங்க சுற்றறிக்கையே ரெண்டும்னுதானே சொல்லுது?”

“சுற்றறிக்கை ரெண்டுன்னு சொல்லலாம். பைல் ஒண்ணுதானே?”

அவர் கோபப்படவில்லை. “தெருவுல நிக்க இடம் கிடைக்காதவங்க ஆடின ஆட்டம்ணே இது. நானும் இங்க இருக்கேன்னு சொல்றதுக்காக ஆடினது. அதுக்குத்தான் ரெண்டு கையையும் தூக்கறோம். இதுல எது உடம்பு, எது மனசுன்னு நான் எப்படிப் பிரிச்சுக் கொடுக்கறது?” என்றார்.

மணி பன்னிரண்டரை ஆனது. ஜன்னலை மூடினேன்.

இந்த முப்பத்திரண்டு பேரில் என் மனைவியும் ஒருத்தி. இதை அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு இடது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழும்பாமல் போயிற்று. மாத்திரை, தைலம், ஒத்தடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். என் பின்னலைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி, “என்னக்கா, கயிறு திரிச்ச மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். அப்புறம் யாரோ சொல்லி மாஸ்டரிடம் போனாள். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே பின்னிக்கொண்டாள். பின்னி முடித்துவிட்டு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். ஒரு வேலை குறைந்த மகிழ்ச்சியும் அதில் உண்டு.

“உங்க ஆபீஸ் அந்தக் கிடங்கைப் பூட்டினா, நம்ம வீட்டு அடுப்பையும் பூட்டிடறேன்,” என்று இப்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆணையரே தலையிட்டு வழக்கைத் தீர்த்தார். இடுப்புக்கு மேலே நடப்பது பண்பாடு, இடுப்புக்குக் கீழே நடப்பது உடற்பயிற்சி. இரு பிரிவும் ஒரே நேரத்தில் போய் அவரவர் பகுதியை ஆய்வு செய்ய வேண்டும். இடுப்பு யாருக்கு என்று கேட்டதற்கு, “அது பேச்சுவார்த்தை மூலம் தீர்க்கப்படும்,” என்றார்.

ஆய்வுக்கு இரண்டு ஆய்வாளர்கள் போனார்கள். பண்பாட்டுப் பிரிவுக்காரரை ‘ரசனை’ என்போம். எதைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். உடற்பயிற்சிப் பிரிவுக்காரர் ‘மூச்சு’. மூன்று படி ஏறினால் ஒரு படியில் உட்கார்ந்துகொள்வார். பதிவேடு சுமக்க நான் போனேன். மேற்பார்வைக்குப் பின்குறிப்பு வந்தார்.

கிடங்கில் இருந்தவர்கள் ஒரு தையல்காரர், ஒரு செவிலி, ஓய்வுபெற்ற தபால்காரர், பம்பு மெக்கானிக்குகள் இரண்டு பேர், இன்னும் பலர். எல்லோருடைய இடுப்பிலும் எல்லை தெரிவதற்காகக் கோப்பு கட்டும் நாடாவைக் கட்டச் சொன்னார் பின்குறிப்பு. கட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் பாட்டைப் போட்டார். சொற்களோடு கூடிய பாட்டு.

என் மனைவி இரண்டாவது வரிசையில் நின்றாள். இருபத்தேழு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். அவள் ஆடி நான் பார்த்ததில்லை. முட்டி மடங்கியது, தோள் குலுங்கியது. தாளம் ஓரிடத்தில் நின்று திரும்பும்போது எல்லோரும் சேர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசினார்கள். அவளுடைய இடது கையும் மேலே போனது. ஐம்பத்தோரு வயதுப் பெண் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சபாஷ் நாக்கு நுனிவரை வந்தது. அலுவல் நேரமாதலால் விழுங்கிவிட்டேன்.

இதற்குள் ஒரு மெக்கானிக் கையைத் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்றுவிட்டார்.

“சார், உங்க கால் எங்க பகுதிக்கு வந்துடுச்சு,” என்றார் ரசனை.

“உங்க தலை மட்டும் எங்க இருக்காம்?” என்றார் மூச்சு.

சண்டை வேண்டாம் என்று, அவர் தலைகீழாக நிற்கும்வரை இருவரும் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டார்கள். அவர் காலூன்றியதும் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். மனிதர் மொத்தம் ஆறு முறை புரண்டார். குறிப்பேடுகளும் புரண்டன.

பாட்டு முடிந்தது. ரசனை நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

“எல்லாருக்கும் இடது கை ஆடுதே?”

“ஆடத்தானே செய்யும்?” என்றார் மாஸ்டர்.

“படத்துல இல்லையே! இது ஹிப் ஹாப் இல்லம்மா. ஹிப் ஹாப் மாதிரி ஏதோ ஒண்ணு.”

மாஸ்டர் நகலை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “ஓரம் வெட்டுப்பட்டிருக்கு சார். இங்க பாருங்க, விரல் நுனி தெரியுது. மூலம் உங்க ஆபீஸ்லதானே இருக்கு? எடுத்துப் பாருங்களேன்.”

பின்குறிப்பு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மூலத்தைப் பார்வையிட விண்ணப்பம். ஆறாவது கேள்வி: ‘மூலத்தில் உள்ளதும் நகலில் இல்லாததுமான விவரம் யாது? மூலத்தைப் பார்க்காமல் நிரப்புக.’

“ஒரு கைன்னு எழுதறேன்,” என்றார் மாஸ்டர்.

“பாக்காம எப்படித் தெரியும்? பாத்திருந்தா அது குற்றம். பாக்கலைன்னா அது அனுமானம். அனுமானத்துக்கெல்லாம் அலமாரி திறக்க முடியாதும்மா.” பிறகு பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்: “நகல் தப்புன்னு, முத்திரை போட்டவர் எழுதிக் கொடுத்தாத் திறக்கலாம்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். இரண்டாவது வரிசையிலிருந்தும் ஒரு பார்வை வந்தது. என் சட்டைப்பைக்குள் அலமாரிச் சாவி கனத்தது. நான் பதிவேட்டைப் புரட்டி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அறிக்கை இப்படிப் போனது: “இடது கை, அனுமதியின்றி இயங்கும் நிலையில் கண்டறியப்பட்டது. எண்ணிக்கை: முப்பத்திரண்டு.”

அன்று சாயங்காலம் அவள் அடுப்பைப் பூட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு வரி எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?”

“ஒப்பிடாம முத்திரை குத்தினேன்னு ஆகும். இந்தத் தாள் மட்டுமா? இருபத்திரண்டு வருஷமாக் குத்தினது அத்தனையும் கிளறுவாங்க. ஊர்ல பாதிப் பேரோட பட்டம், பத்திரம், பிறந்த தேதி எல்லாம் என் குத்துலதான் நிக்குது. ஓய்வு பெற நாலு வருஷம்தான் இருக்கு. யோசிச்சுப் பாரு.”

“அப்ப ஒப்பிட்டே பாத்ததில்லையா நீங்க?”

“எல்லாருமே அப்படித்தாம்மா.”

அவள் எழுந்து தோசை வார்க்கப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தோடு இரண்டு தோசையைக் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மாத முடிவுக்கு ஒரு நாள் முன்னால் மாஸ்டர் ஜன்னலுக்கு வந்தார். கிடங்கு பூட்டிப்போனால் முப்பத்திரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை. “சரிண்ணே, ஒரு கையாலயே ஆடறோம். எழுதிக்கோங்க,” என்றார். ஜன்னலுக்கு உள்ளே நாங்கள் பத்துப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டோம். அங்கீகாரம் அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. வேகமாக வேலை செய்யவும் எங்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இல்லை, நம்புவீர்கள். மாநாட்டு அரங்கில் எல்லா அலுவலகங்களும் ஆடிக்காட்டின. மற்றவர்கள் இரண்டு கையையும் கண்டபடி வீசிக் குழம்பினார்கள். எங்கள் முப்பது இடது கைகள் மட்டும் முப்பது தொடைகளில் ஒட்டியபடி அசையாமல் நின்றன. “என்ன கட்டுப்பாடு! என்ன ஒழுங்கு!” என்று நடுவர்கள் எழுந்து நின்றார்கள். முதல் பரிசு எங்களுக்கு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். எங்களுடைய வலது கை வாங்கிய பரிசுக் கோப்பைகூட இடது கைக்குத் தெரியவில்லை.

படம் பத்திரிகையில் வந்ததும் ஊரைப் பிடித்தது பைத்தியம். வாலிபர்கள் இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டரின் வகுப்பில் ஆடும் தையல்காரர், இடது கையை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும்படி ஒரு சட்டை தைத்தார். ‘அங்கீகரிக்கப்பட்ட சட்டை’ என்று பெயர் வைத்தார். வரிசையில் நின்று வாங்கினார்கள். கல்யாண வீட்டு மேடையில் மாப்பிள்ளைகூட ஒரு கையால்தான் கும்பிட்டான். ஏன் இடது கையை ஆட்டுவதில்லை என்று ஒரு பையனிடம் கேட்டேன். “அது பழசு அங்கிள்,” என்றான்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. எங்கள் ஆட்டத்தை நாடு முழுவதற்கும் மாதிரியாக்கப் போவதாகவும், புதிய அச்சுக்கு இணைப்பின் மூலத்தை எடுத்து வைக்கும்படியும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆணையர், பின்குறிப்பு, நான் மூவரும் அலமாரி முன்னால் நின்றோம். இரண்டு சாவியும் திரும்பின. சுற்றறிக்கை வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தத் தாளை மனிதக் கண் பார்த்தது.

பதினான்கு உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை. இரண்டும் தலைக்கு மேலே. போதாதென்று, பதினான்கு பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் எங்கள் பக்கம் என்றால், நகலில் காணாமல் போனது இடது கைகூட இல்லை. வலது கை.

ஆணையர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் கோப்பை மின்னியது.

“முப்பது பேரு எட்டு மாசம் ஆடினது தப்பா?”

“எப்படி சார் தப்பாகும்? பரிசே வாங்கியிருக்கோம்,” என்றார் பின்குறிப்பு.

“ஊரே ஆடுது. ஊர் தப்பா?”

“ஊர் எப்படி சார் தப்பாகும்?”

“அப்ப எது தப்பு?”

மூவரும் தாளைப் பார்த்தோம். அது ஒன்றுதான் அங்கே பேசத் தெரியாதது.

கடிதத்தை நான்தான் எழுதினேன். “தங்களால் அனுப்பப்பட்ட இணைப்பில், உருவம் ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு கை வீதம் பதினான்கு கைகள் பிழையாக இடம்பெற்றுள்ளமை பணிவுடன் சுட்டிக்காட்டப்படுகிறது. எங்கள் அலுவலகத்தில் உள்ள நகலையே மூலமாகக் கொள்ளவும், மூலத்தைப் பிழையான நகலாகக் கொண்டு அழிக்கவும் அனுமதி வேண்டப்படுகிறது.” கடிதத்தோடு ஒற்றைக் கைத் தாளை வைத்து, ‘உண்மை நகல். மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று குத்தினேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குத்தியது அது ஒன்றுதான். பதினைந்து நாளில் ஒப்புதல் வந்தது. பாராட்டும் வந்தது.

சில வாரங்களாகவே என் மனைவி இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன். டாக்டரிடம் போனோம். அங்கே உட்கார இடமில்லை. தட்டச்சு அம்மா, ரசனை, மூச்சு, அங்கீகரிக்கப்பட்ட சட்டை போட்ட பத்து வாலிபர்கள் எல்லோரும் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னவோ தெரியலை, ஊரே இடது தோளத் தூக்கிட்டு வருது,” என்றார் டாக்டர். “முன்னாடி என்ன பண்ணிக் குணமாச்சும்மா?”

“ஆடினேன் டாக்டர். ரெண்டு கையையும் தூக்கி ஆடினேன்.”

“அப்ப அதையே பண்ணுங்க.”

“அதுக்கு இப்ப அனுமதி இல்லீங்க,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

வழியில் நான் மெதுவாகச் சொன்னேன். “வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு ஆடலாமே. யாரு பாக்கப் போறா?”

“நானும் இங்க இருக்கேன்னு சொல்றதுக்கு ஆடற ஆட்டம் அது. கதவைச் சாத்திட்டு யாருகிட்டச் சொல்றது? உங்ககிட்டயா?”

மறுநாள் காலை சீப்பை எடுத்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் மூன்று பிரிவாகப் பிரிக்கப் பார்த்தேன். என் இடது கையும் இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. எட்டு மாதமாகத் தொடையில் ஒட்டியிருந்த கை அல்லவா? அவள் தன் வலது கையைப் பின்னால் கொடுத்தாள். அவளுடைய வலது கையும் என் வலது கையுமாகச் சேர்ந்து ஏதோ ஒன்றைப் பின்னி முடித்தோம்.

“நேரா இருக்கா?” என்று கேட்டாள்.

“நேராத்தான் இருக்கு.”

“பாத்துச் சொல்றீங்களா, பாக்காமச் சொல்றீங்களா?”

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. “பாத்துதான் சொல்றேன்,” என்றேன். அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில், வெளியூர் அதிகாரிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க என்னைப் பயிற்சியாளராகப் போட்டிருந்தார்கள்.